விரல் போதும்

காலை ஆறு இருபதுக்குக் காப்பித் தம்ளரின் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. குற்றாலலிங்கம் அதைப் பார்க்காதவர்போலத் தம்ளரை எடுத்தார். கறுப்புப் பிளாஸ்டிக், கட்டைவிரல் பருமன், தலையில் திருகுவதற்கு இரண்டு சிறகு, கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். கார் ரேடியேட்டரின் அடியில் இருக்கிற சாமான். கழற்றினால் பழைய தண்ணீர் இறங்கும், மாட்டினால் நிற்கும், அதற்குமேல் அதற்கு வேலை கிடையாது. திங்கட்கிழமை திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது முதல் அது அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. சட்டை மாற்றும்போது அதுவும் பை மாறியது. மனைவி வடிவு கேட்டபோதெல்லாம், வந்துரும், பழைய வண்டிக்குச் சாமான் சட்டுனு கிடைச்சிருமா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுத் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். மறந்தாரா? அதை யோசிக்கப் போனால் காப்பி ஆறிவிடும். அவள் அதைக் கையில் கொண்டுவந்து இது என்ன என்று கேட்டிருக்கலாம். டிவி மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தம்ளர் பக்கத்தில் வைத்திருக்கிறாள், மாத்திரை வைக்கிற இடத்தில். தினமும் காலையில் அவளுடைய மாத்திரைகளை அவர் இப்படித்தான் அவள் தம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார், ஒன்றும் சொல்லாமல். அவளும் ஒன்றும் சொல்லாமல் விழுங்குவாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மதுரையில் அந்த டாக்டர் சனிக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். போன சனிக்கிழமை போயிருக்க வேண்டும், போகவில்லை, வண்டி ரிப்பேர். வடிவின் ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று சொல்ல அந்த மனுஷன் ஒரு வாரமாக அங்கே இருக்கிறார், கேட்க வேண்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள், நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிளாஸ்டிக். அவர் அதை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் போடப் போன கை பாதியில் நின்றது. சட்டை போட்டிருக்கவில்லை.

போர்ட்டிகோவில் ஈரம். ஜூன் மாதம் தென்காசியில் மழை பெய்வதில்லை, சாரல் அடிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிற மழையை யாரோ இந்தப் பக்கம் ஊதிவிடுகிற மாதிரி. ஊருக்கெல்லாம் சீசன். தெருமுனையில் குற்றாலம் போகிற வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, ஜன்னலில் துண்டும் தலையுமாக. அவருடைய எஸ்டீம் கார் முன்பக்கம் தூக்கி நின்றது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜாக்கி வைத்து ஏற்றி இரண்டு பக்கமும் கட்டை கொடுத்ததோடு சரி, அதன்பிறகு யாரும் தொடவில்லை, மூக்கைத் தூக்கிக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிற ஆள்மாதிரி அப்படியே நின்றது. அடியில் பேசின். சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துத் தலையை உள்ளே கொடுத்தார். முதுகு தரையில் பட்டதும் குளிர்ந்தது. வடிவும் முதுகு என்றுதான் ஆரம்பித்தாள். ஏப்ரல் கடைசியில், துணி காயப்போடும்போது, முதுகில் ஒரு புடிப்பு என்றாள். அவர் தைலம் தேய்த்துவிட்டார். புடிப்பு விடவில்லை, ஸ்கேன் வரைக்கும் போனது. ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, முடிகூடக் கொஞ்சம் முளைத்துவிட்ட நேரம், டாக்டரே கைகொடுத்து அனுப்பிய பிறகு, ஒரு முதுகுவலி முதுகுவலியாக மட்டும் இருக்கக்கூடாதா? எத்தனை பேருக்கு முதுகு வலிக்கிறது. அவருக்கு வலிக்கவில்லையா? இதோ இப்போது வலிக்கிறது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி, அதன் ஓரத்தில் ஓட்டை, ஓட்டைக்குள் பழைய பிளக்கின் மிச்சம். தலை இல்லை, கழுத்தோடு முறிந்து திருகு மட்டும் உள்ளே நிற்கிறது. அதன் நடுவில் ஒரு துளி திரண்டு, பெருத்து, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மூடி இறுக்கமாக இருப்பதால் தண்ணீர் ஒரேயடியாக இறங்காது, நின்று நின்று நினைத்துக்கொண்டு விழும். ஒரு வாரமாக அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, சாப்பிடும்போது, குளிக்கும்போது, பேசின் இல்லாத இடங்களில்கூட.

பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவர். வருகிற பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவார்: இரும்புக்கு ஸ்பேனர், பித்தளைக்குப் பொறுமை, பிளாஸ்டிக்குக்கு விரல் போதும். இறுக்கும்போது ஒரு இடத்தில் கெட்டியாகும், அங்கே நிறுத்து. அதைத் தாண்டினால் இளகும், இளகுவது தெரிந்தால் அடுத்தது முறிவு. அந்த இளக்கத்தைக் கை தெரிந்துகொள்ள வேண்டும், புத்தகத்தில் கிடைக்காது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புவதற்கு முந்தின ஆயத்தமாக எண்ணெய், தண்ணீர், காற்று எல்லாம் பார்த்தார். பிளக்கின் அடியில் ஒரு ஈரம். கசிவென்றுகூடச் சொல்ல முடியாது. துடைத்துவிட்டு விட்டிருக்கலாம். விரலால் ஒரு தடவை திருகிப் பார்த்தார், கெட்டியாகத்தான் இருந்தது. பிளையரை எடுத்தார். ஏன் எடுத்தார்? கசிகிறதே என்று. நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர், ராஜபாளையம் தாண்டினால் வெயில், நடுவழியில் நின்றுவிட்டால் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று. அது நியாயமான காரணம்தான். பிளையரை வைத்துத் திருகினார், கெட்டியானது. இன்னும் கொஞ்சம். இளகியது. அந்த இளக்கம். வெண்ணெய்க்குள் கத்தி இறங்குகிற மாதிரி, கையில் நன்றாகத் தெரிந்தது, முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த இளக்கம், தெரிந்தபிறகு கை இன்னொரு கால்சுற்றுச் சுற்றியது. டக். தெரிந்தபிறகா, தெரியுமுன்னாலா? இந்த இடத்தில்தான் மனசு ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. தெரிவதற்கும் சுற்றுவதற்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருந்தது, அந்த இடைவெளியில் அவர் இருந்தார், அவர் அங்கே இருந்துகொண்டு என்ன செய்தார் என்பதுதான் பிடிபடவில்லை. வயதாகிவிட்டது, கை மரத்துப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே கை அன்றைக்குக் காலையில் அவளுடைய ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது.

"சார், வண்டிக்கடியில நீங்க கெடக்கியளா, இல்ல உங்க மேல வண்டி கெடக்கா?"

கேட் பக்கம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஷேக் மைதீன், அவரிடம் படித்தவன், இப்போது சீசனுக்கு வேன் ஓட்டுகிறான், அடுத்த தெரு. அடியிலிருந்து பார்த்தால் ஆட்களுக்கு முழங்காலுக்குமேல் கிடையாது.

"வண்டிதான் கெடக்கு. நீ போலே, சவாரி போயிரும்."

"டிரெயின் பிளக்கா சார்? அம்மா போன வாரமே சொன்னாவளே. நாலு கேன் தண்ணிய டிக்கில போட்டுட்டு மதுர போயிட்டு வந்திருக்கலாம்லா. நான்லாம் இதவிட ஓட்டையோட கொச்சி போயிருக்கேன்."

"சரி, சரி."

"பிளாஸ்டிக்குக்கு விரல் போதும்னு எங்க காதுல ரத்தம் வர்ற அளவுக்குச் சொன்னீங்க. கடைசில உங்க வண்டியிலேயே முறிஞ்சிட்டு." அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. "வெளிய வாங்க சார், அஞ்சு நிமிஷத்துல நான் மாட்டித் தாரேன்."

"எனக்குக் கை இருக்குலே."

"கோவப்படாதீங்க. அம்மா எப்படி இருக்காவ?"

இருக்கா, என்றார். செருப்புகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின. அஞ்சு நிமிஷம் என்றான். ஆமாம், ஐந்து நிமிஷ வேலைதான், அதற்குத்தான் ஒரு வாரம் ஆகியிருக்கிறது. நாலு கேன் தண்ணீர். அது தனக்குத் தெரியாதா? சொட்டுச் சொட்டாக விழுகிறது, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஊற்றினால் போதும், அன்றைக்கே தெரியும். கொழுந்தியா மகன் தன் காரைக் கொண்டுவரட்டுமா என்று போன் செய்தான். அவளுக்கு ஏசி நாத்தம் ஆகாது, வாந்தி எடுப்பா என்று சொன்னார். அது உண்மைதான். கீமோவுக்குப் போய்வந்த நாட்களில் வாடகைக் காரில் ஏறினாலே குமட்டும், அவளுக்கு இந்த எஸ்டீம்தான் சரி, ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவாள், வழியெல்லாம் பேசாமல். உண்மைகளை மட்டுமே அடுக்கிக்கொண்டு வந்தாலும் கடைசியில் ஒரு பொய் நிற்கிறது, இது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. ஓசூரிலிருந்து மகள் கேட்டாள், என்னப்பா ஆச்சு, டாக்டர் என்ன சொன்னாரு. வண்டி ரிப்பேர்ம்மா. பஸ்ஸுல போகக் கூடாதாப்பா? அம்மாவுக்கு முதுகு தாங்காதும்மா. மகள் அங்கே சாரல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவளும் பயந்தாள், அவளும் ஒரு வாரம் கிடைத்ததை எடுத்துக்கொண்டாள், அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, கேட்கவில்லை. துளி கன்னத்தில் விழுந்தது. முறிந்த மிச்சம் தானாகக் கழன்று வராது, கழற்ற வேண்டும். உள்ளே நிற்கிற திருகுக்குப் பிடிமானம் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரைச் சூடாக்கி அந்த மிச்சத்தில் பதிக்க வேண்டும், அது உருகி இடம்கொடுக்கும், ஆறியதும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இடப்பக்கமாகச் சுற்றினால் வந்துவிடும். சூடு குறைந்தால் பிடிக்காது. கூடினால் கீழ்த்தொட்டியே பிளாஸ்டிக், அதுவும் சேர்ந்து உருகும், திருகு ஏறுகிற மரை போய்விடும், புதுப் பிளக் வைத்திருந்தும் பிரயோஜனமில்லை, ரேடியேட்டரே மாற்ற வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வாரம். இன்னும் ஒரு வாரம் என்ற நினைப்பு எப்படி ஒரு போர்வை மாதிரி வந்து மேலே விழுகிறது பார். வெட்கமாக இருந்தது. படுத்துக்கொண்டே வெட்கப்படுவது உட்கார்ந்து வெட்கப்படுவதைவிட மோசம்.

"வடிவு," என்று கூப்பிட்டார். "அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கேஸ் அடுப்புல காட்டிக் கொண்டா."

"செவக்கணுமா?"

"செவக்கப்பிடாது. முனை நெறம் மாறினாப் போதும். கரித்துணி புடிச்சுக்கோ."

அவள் வருவது காலால் தெரிந்தது. முன்பெல்லாம் அவள் நடந்தால் மெட்டி தரையில் தட்டும், இடது வலது ஒரே சீர், ராத்திரி அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். இப்போது ஒரு தட்டு, ஒரு இழுப்பு. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. இழுப்பு எப்போது வந்தது? போன சனிக்கிழமை இருந்ததா? இருந்தது. இல்லை, அன்றைக்குக் கொஞ்சம்தான். அவருக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. எல்லாம் ஞாபகமிருக்கிறது, பிளக் முறிந்த சத்தம் ஞாபகமிருக்கிறது, அவள் எந்தக் காலை இழுத்தாள் என்பது இல்லை. பாதங்கள் பம்பர் பக்கம் வந்து நின்றன. பாதம் விரல்வரை வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. அவள் குனிய முடியாமல், ஒரு கையால் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை முடிந்தமட்டும் கீழே நீட்டினாள். அவர் கழுத்தை வளைத்து வாங்கிக்கொண்டார். முனையை மிச்சத்தில் வைத்தார். சுர் என்றது. பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம், கண்ணில் நீர். இளக்கம் வந்தது, முனை உள்ளே இறங்கியது, நிறுத்தினார். இந்தத் தடவை நிறுத்தினார். நிறுத்த முடிகிறது. அப்படியானால் அன்றைக்கும் நிறுத்த முடிந்திருக்கும். ஆறும்வரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

போன வருஷம் ஆகஸ்டில் அவள் விலாவில் ஒரு குழாய் இருந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் சேர்கிற நீர் அதன்வழியே இறங்கி ஒரு பிளாஸ்டிக் குமிழில் விழும், குமிழின் வாயில் ஒரு சின்ன மூடி. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாள்: மூடியைத் திறந்து அளவுக் குப்பியில் ஊற்றணும், குமிழை அமுக்கிக் காற்றை வெளியேத்தணும், அமுக்கினபடியே மூடணும், ரொம்ப அழுத்த வேண்டாம் அங்கிள். விரல் போதும்தானேம்மா என்றார். ஆமா அங்கிள், கரெக்ட் என்றாள். அவருக்குச் சின்னப் பெருமை. காலையும் சாயங்காலமும் அவரே எடுத்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. முதலில் ரத்தமாக வந்தது, பிறகு பானகம் மாதிரி, அப்புறம் வைக்கோல் நிறத்தில். வைக்கோல் நிறம் வந்தால் நல்லது என்றார்கள். வடிவு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், என்ன நெறம்? என்பாள். கம்மியாயிட்டு, வெளுத்துட்டு என்பார். உண்மையிலேயே வெளுத்திருந்தது. அந்த நாட்களில் அவர் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, சொல்லத் தேவைப்படவில்லை, இறங்குகிறது, குறைகிறது, நிறம் மாறுகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிகிற வியாதி எவ்வளவோ தேவலை. குழாயை எடுத்த அன்று அவர் அழுதார், ஆஸ்பத்திரி வராந்தாவில், வாட்டர் கூலருக்குப் பின்னால் நின்று. முடிந்துவிட்டது என்று நினைத்து அழுத அழுகை. முடியாத ஒன்றுக்காக அவ்வளவு சீக்கிரம் அழுது தீர்த்துவிட்டோமே என்று இப்போது தோன்றுகிறது, இனி தேவைப்படும்போது இருக்குமா.

ஸ்க்ரூ டிரைவர் ஆறிவிட்டது. இடப்பக்கம் மெல்லத் திருப்பினார். வராது. பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வராது. மூச்சை அடக்கி இன்னும் கொஞ்சம். ஒரு முனகல் மாதிரி சத்தம், பிளாஸ்டிக்குடையதா தன்னுடையதா. வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, சட்டென்று மிச்சம் முழுதாகக் கழன்று கைக்கு வந்து, கூடவே உள்ளே நின்ற தண்ணீர் அத்தனையும் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது. பச்சையாக இருக்க வேண்டும். பச்சையாகத்தான் ஊற்றியிருந்தார். இறங்கியது செம்மண் நிறத்தில், அடியில் கறுப்பு வண்டலோடு, பேசினுக்குள் சுழன்று சுழன்று.

"என்ன நெறம்?" என்றாள் வடிவு.

அவர் கை அப்படியே நின்றது. அவள் போயிருப்பாள் என்று நினைத்திருந்தார். பாதங்கள் பம்பர் பக்கத்திலேயே இருந்தன.

"துரு," என்றார். "உள்ள பழசுல்லா."

"கெடுதலா?"

"அலசி விட்டாச் சரியாயிரும்."

அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். உட்கார்வதற்கு அவளுக்கு நேரமானது. அவர் புதுப் பிளக்கைக் கைலியில் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

"ஒண்ணு சொல்லுதேன்," என்றாள். "அங்க கெடந்தபடியே கேளுங்க, வெளிய வர வேண்டாம். மொகத்தப் பாத்தா வராது."

"சொல்லு."

"அன்னைக்கு டக்குனு ஒடைஞ்ச சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுது. நான் நாளைக்கு வழிக்குன்னு புளிசாதம் கிண்டிக்கிட்டு இருந்தேன். கேட்டதும் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு."

ஓட்டையிலிருந்து கடைசிச் சொட்டுகள்.

"நீங்க வேணும்னு ஒடச்சிருப்பியன்னு சொல்லல."

"நான்..." என்றார்.

"ஒடச்சிருந்தாலும் சரிதான். திங்கக்கெழமையே சாமான் வந்ததும் தெரியும். பஸ்ல குடுத்து விட்ட பையன் வீட்டுக்குத்தான போன் போட்டான், அம்மா பார்சல் வந்துட்டான்னு. நானும்தான் ஒங்ககிட்ட வந்துட்டா வந்துட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வரலன்னு நீங்க சொல்லணும்னு." அவள் சிரித்தாள், பாதியில் இருமினாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்சோம். செவ்வாக்கெழம பாத்தியளா, தயிர்சாதத்தக் கட்டிக்கிட்டு ஆட்டோல ஐந்தருவி போய் உக்காந்துட்டு வந்தோம். முப்பது வருசமா இந்தூர்ல இருக்கோம், சீசனுக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போயிருக்கியளா? வண்டி நல்லா இருந்தவரைக்கும் போகல."

அன்றைக்கு அவள் குளிக்கவில்லை, கல்லில் உட்கார்ந்து கால் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். குரங்கு ஒன்று தயிர்சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவள் அதைத் திட்டிய திட்டுக்கு அடுத்த படியிலிருந்த மலையாளிக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர் அப்போதும் பையைத் தொட்டுப் பார்த்தார், பிளக் இருந்தது. சந்தோஷமாக இருந்த ஒவ்வொரு நிமிஷமும் விரல் போய் அதைத் தொட்டுவிட்டு வந்தது.

"ஒரு வாரம் கெடைச்சுது," என்றாள். "போதும். இப்ப மாட்டுங்க. முதுகு நேத்துலேந்து வேற மாதிரி வலிக்கி. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குப் பயமாக இருக்கிறது. நாற்பது நாளாக அவர் தன் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அலைந்தார், பையில், சட்டைக்குச் சட்டை. அவள் பயம் என்ற ஒன்று தனியாக இருக்கும் என்று தெரியும், தெரிந்தும் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார், தெருவில் கடன்காரன் நின்றால் சந்து வழியாகப் போகிற மாதிரி. நேற்றிலிருந்து வேறு மாதிரி. நேற்று ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீங்க என்ன செய்திருப்பியன்னு கேட்பாள். பிளக்கை ஓட்டையில் வைத்தார். மரை பிடிக்கவில்லை. கோணல். எடுத்து மறுபடி வைத்தார், சாரல் காற்று அடியில் புகுந்து ஈரக் கையில் பட்டுக்கொண்டிருந்தது. பையன்களுக்குச் சொல்வார்: முதலில் பின்பக்கமாக அரைச்சுற்றுத் திருப்பு, மரையும் மரையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு ஒரு இடத்தில் சின்னதாகக் கீழே விழும், அந்த விழுதலைக் கேள், அப்புறம் முன்பக்கம் சுற்று. பின்பக்கமாகத் திருப்பினார். விழுந்தது. முன்பக்கம் சுற்றினார், எண்ணெய் போட்டதுபோல ஏறியது, ரப்பர் வளையம் தொட்டியில் படிவது தெரிந்தது, கெட்டியானது. விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் வேலை முடிந்துவிடும். முடிந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றினால் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், ஒழுகாவிட்டால் நாளை காலை. கெட்டியாகிவிட்டது, விரல் இன்னும் அதன்மேல் இருந்தது. சிறகில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும். இன்னும் கால்சுற்று. விரலாலேயே முறிக்கலாம், புதுப் பிளாஸ்டிக்கும் முறியும், வேண்டுமென்று நினைத்தால் விரல் போதும். இதை அவர் பையன்களுக்குச் சொன்னதில்லை. பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது, ஒவ்வொரு மூச்சும் வலியைத் தாண்டி வருகிற மாதிரி ஒரு சின்னத் தடுக்கலோடு. விரலை எடுத்தார்.

வெளியே வந்தபோது அவள் அவரைப் பார்த்து, மொகத்துல எல்லாம் சகதி, என்றாள். அவர் துடைத்தார், இன்னும் பரவியிருக்க வேண்டும், அவள் முந்தானையை நீட்டினாள், பிறகு கை எட்டாமல் விட்டுவிட்டாள். இரண்டு தடவை வெறும் தண்ணீர் ஊற்றி அலசி இறக்கினார். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றினார், மாட்டினார், இப்போது கை யோசிக்கவில்லை. மூன்றாவது தடவை தெளிவாக வந்தது. கூலன்ட் கலந்து ஊற்றினார், பச்சை, கழுத்துவரை. கட்டையை எடுத்து ஜாக்கியை இறக்கியதும் கார் ஒரு வாரத்துக்குப் பிறகு நாலு காலில் நின்றது. அடியில் விரிப்பதற்குப் பழைய பேப்பரில் ஒரு தாள் எடுத்தார். கண்ணீர் அஞ்சலிப் படங்கள் இருந்த தாளாக வந்தது, அதை மடித்துக் கீழே வைத்துவிட்டு வேறு எடுத்தார், வீட்டுமனை விளம்பரம். ஸ்டார்ட் செய்தார். பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது, தண்ணீர் இறங்க இறங்க ஊற்றினார், மூடினார். மேல் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஆறிய குழாய் மெல்லச் சூடேறியது, சூட்டுமுள் நடுவுக்கு வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் காற்று அவள் நெற்றியில் புதிதாக முளைத்திருந்த முடியை அசைத்தது. பேப்பரை இழுத்து எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு புள்ளி இருக்கக் கூடாதா என்று கண் தேடியது. அவருக்குத் தெரியாமல் அல்ல.

"ஒழுகுதா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப புளிசாதத்துக்குப் புளி ஊறப்போடுதேன்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினார்கள். ராஜபாளையம் தாண்டி வெயில் ஏறியபோதும் முள் நடுவைத் தாண்டவில்லை. முதுகெலும்பில் இரண்டு இடம், இடுப்பில் ஒரு இடம் பரவியிருக்கிறது என்றார் டாக்டர். போன வாரமே வந்திருந்தால் என்று குற்றாலலிங்கம் கேட்டார். அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். குற்றாலலிங்கம் அந்தப் பதிலை நம்பவும் இல்லை, மறக்கவும் இல்லை.

2015 பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணியளவில் வடிவு வீட்டில் இறந்தாள். வருகிறவர்கள் உட்கார்வதற்காக ஷேக் மைதீனும் இன்னும் இரண்டு பேரும் காரைப் போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்குத் தள்ளினார்கள். கார் நின்ற இடத்தில் தரை காய்ந்திருந்தது.